காடையிடம் நாம் பட்ட கடன்

செல்லப் பறவை வணிகத்தில் ‘பட்டன் குவெயில்’ என்றொரு பெயர் அடிபடுகிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு காடைக்கு இட்ட பெயர் அது. அதைச் சரியாக வளர்ப்பது எப்படி என்று அண்மையில் இருவர் என்னிடம் கேட்டார்கள். ஒருவர் சிலாபத்தில் இருக்கும் நண்பர். மற்றவர் கனடாவில் வாழும் உறவினரின் மகள். நான் மிருக வைத்தியன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தித்தாளில் உழைத்தவன். பழைய நூல்களைப் புரட்டுவது என் பழக்கம். அப்படிப் புரட்டியபோது எனக்குத் தெளிவான ஒன்றை இங்கே எழுத விரும்புகிறேன். காடை வளர்ப்பின் விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளில் மனிதன் இப்பறவையிடமிருந்து என்னென்ன எடுத்துக்கொண்டான் என்று அறிந்தால், வளர்ப்பவர் எதையெல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடையில் ‘பட்டன் குவெயில்’ என்று விற்கப்படுவது சீனக் காடை. நீலமார்புக் காடை என்றும் சொல்வார்கள். இது கோழி, கவுதாரி ஆகியவற்றின் இனத்தைச் சேர்ந்த உண்மையான காடை. ஆனால் ஆங்கிலத்தில் அதே பெயருக்கு உரிமையுள்ள வேறொரு பறவை உண்டு. பறவை நூல்கள் அதைக் கருங்காடை என்கின்றன. சிங்களத்தில் ‘போல வட்டுவா’ என்பார்கள். புத்தளம் மாவட்டத்தில் வாழ்வோர் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. கற்பிட்டிச் சாலையோரப் பற்றைகளிலும், தென்னந்தோட்டத்துப் புல்லிலும், அறுவடை முடிந்த வயலோரங்களிலும் காலடிக்குக் கீழிருந்து சட்டென்று எழுந்து சிறிது தூரம் பறந்து மீண்டும் புல்லுக்குள் மறையும் பழுப்புப் பறவை பெரும்பாலும் அதுவே.

தோற்றத்தில் காடை போலிருந்தாலும் கருங்காடை காடையே அன்று. காடைக்குக் காலில் நான்கு விரல்கள். கருங்காடைக்குப் பின்விரல் கிடையாது, மூன்றே விரல்கள். புத்தளம் களப்பின் கரையில் சேறு கிளறி இரை தேடும் உள்ளான்களும், தலைக்கு மேலே வட்டமிடும் கடற்புறாக்களும்தாம் அதன் உறவினர்கள் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. குடும்ப வழக்கமும் தலைகீழானது. பெண் பறவை ஆணைவிடப் பெரியது. கழுத்தில் கறுப்பு நிறம் கொண்டது. அதுவே உறுமி ஒலியெழுப்பி ஆணை அழைக்கும். அதுவே இடத்துக்காகச் சண்டையிடும். முட்டையிட்டதும் வேறோர் ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆணின் கடமை. இலங்கையில் பணியாற்றிய இராணுவ அதிகாரி வில்லியம் வின்சென்ட் லெக், 1878 முதல் 1880 வரை பகுதி பகுதியாக வெளிவந்த இலங்கைப் பறவைகளின் வரலாறு என்னும் பெருநூலை எழுதியவர். இலங்கைக் கருங்காடையின் துணையினத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

போரும் பந்தயமும்

தமிழர் காடையோடு பழகியது நேற்று இன்றல்ல. சங்கப் பாடல்களில் இதன் பெயர் பூழ், குறும்பூழ். புறநானூற்றின் 321ஆம் பாடலில், சுளகில் உலர வைத்த எள்ளைத் தின்ன வரும் போரில் வல்ல சேவற்பூழைக் காண்கிறோம். கலித்தொகையின் 95ஆம் பாடலில், வீடு திரும்பும் தலைவன் எங்கே போயிருந்தாய் என்ற கேள்விக்குக் குறும்பூழ்ப் போர் பார்த்து வந்ததாகச் சாக்குச் சொல்கிறான். அவன் கண்டது எந்தக் குறும்பூழ் என்று தனக்குத் தெரியும் எனத் தலைவி குத்திக்காட்டுகிறாள். சாக்காகச் சொல்லும் அளவுக்குக் காடைச் சண்டை அன்றாட வேடிக்கையாக இருந்திருக்கிறது என்பதே நமக்கு இங்கே வேண்டிய செய்தி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உண்மையான காடையில் சண்டையிடுவது சேவல். கருங்காடையில் சண்டையிடுவது பெண். 1860களில் இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதிய தோமஸ் ஜெர்டன், தென்னிந்தியாவில் கருங்காடைப் பெட்டைகளின் போர்க்குணத்தைப் பயன்படுத்தியே அவற்றைப் பிடித்தார்கள் என்று குறிப்பிடுகிறார். சிறு கூட்டில் ஒரு பெட்டையை வைத்துப் பற்றைக்குள் விடுவார்கள். அதன் ஒலியைக் கேட்டு இன்னொரு பெட்டை சண்டைக்கு ஓடி வரும். கம்பிகளுக்கிடையே கட்டிய நூல் அறுந்து பொறி விழும். ஒரே நாளில் ஒரே பற்றையில் பன்னிரண்டு முதல் இருபது பறவைகள் வரை சிக்கியதுண்டு. அத்தனையும் பெட்டைகள் என்கிறார் அவர். ஆகவே புறநானூற்றுச் சேவற்பூழும் ஜெர்டன் கண்ட பெட்டைகளும் ஒரே பறவையல்ல. நம்மவர்கள் இரு வேறு பறவைகளின் இரு வேறு இயல்புகளையும் நன்கு அறிந்தே பயன்படுத்தியிருக்கிறார்கள். அறிவு இருந்தது, இரக்கம் இருந்ததா என்பது வேறு கேள்வி.

இது நமக்கு மட்டும் உரிய பழியன்று. கிரேக்கத்திலும் உரோமாபுரியிலும் காடைப் போர் நடந்தது. எகிப்தில் ஒக்டேவியன் சீசரின் நிர்வாகியாக இருந்த ஒருவன், எல்லாப் போட்டிகளிலும் வென்ற காடை ஒன்றை விலைக்கு வாங்கிப் பொரித்துத் தின்றுவிட்டான் என்றும், அதற்காகச் சீசர் அவனைக் கப்பற் பாய்மரத்தில் அறையச் செய்தார் என்றும் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பறவைக்காக ஒரு மனிதனைக் கொன்றவர்கள், அந்தப் பறவையை அதன் இயல்புப்படி வாழவிட வேண்டும் என்று எண்ணவில்லை. லக்னோ நவாபுகளின் காலத்துக் காடைப் பந்தயங்களை அப்துல் ஹலீம் ஷரர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தார். காட்டிலிருந்து பிடித்த காடையை நீரில் நனைத்து மணிக்கணக்காகக் கையில் பிடித்திருப்பார்கள். பட்டினி போடுவார்கள். இரவில் காதருகே கூச்சலிட்டு அதன் அச்சத்தைப் போக்குவார்கள். பழக்கப்பட்ட காடை என்று அவர்கள் சொன்னது, அஞ்சுவதற்கும் வலுவிழந்துபோன காடையை.

கையின் சூட்டுக்கும் காதின் இன்பத்துக்கும்

கடையில் விற்கும் சீனக் காடைக்கு வருவோம். லின்னேயஸ் 1766இல் இதற்குப் பெயர் வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் இதன் பேரினத்துக்கு இன்னொரு இலத்தீன் பெயர் வந்தது: ‘எக்ஸ்கல்பக்டோரியா’. சூடேற்றுவது என்று பொருள். குளிர்காலத்தில் சீனர்கள் உயிருள்ள காடையைக் கைக்குள் வைத்துக் கைகளைச் சூடாக்கிக்கொள்வார்கள் என்று ஐரோப்பியப் பயணிகள் எழுதிய செய்தியே அப்பெயருக்குக் காரணம். அறிவியற் பெயரிலேயே மனிதனுக்கு ஆற்றிய ஊழியத்தைச் சுமந்து நிற்கும் பறவைகள் மிகச் சிலவே.

இந்தச் சீனக் காடை நமக்கு அந்நியம் என்று எண்ணிவிடக் கூடாது. இலங்கையின் ஈரவலயத்துப் புல்வெளிகளிலும் வயலோரங்களிலும் இது இயற்கையாகவே வாழ்கிறது. தமிழ்நாட்டுக் காடைக்கும் இப்படியொரு பெயர்க்கதை உண்டு. பிரெஞ்சுப் பயணி சொன்னரா 1782இல் செஞ்சியின் சிறு காடை என்று விவரித்த பறவைக்குத்தான் 1789இல் சோழமண்டலக் கரையின் பெயர் அறிவியற் பெயராயிற்று.

யப்பானில் காடையின் குரலுக்கு மதிப்பு இருந்தது. எடோ காலத்தில் பிரபுக்களும் போர்வீரர்களும் பாடும் காடைகளை அழகிய கூடுகளில் வளர்த்துப் போட்டி வைத்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே நாட்டில் குரலை விட்டு முட்டைக்காகத் தெரிவு செய்யத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் இக்கூட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. பாடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்த இனவழிகள் அன்றோடு போயின. எஞ்சிய சிலவற்றிலிருந்து முட்டைக் காடை மீண்டும் பெருக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. இந்தியாவுக்கு 1974இல் உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகருக்கு வந்து சேர்ந்தது. இன்று தமிழ்நாட்டு உணவகங்களில் காடை என்று பரிமாறப்படுவது இந்த யப்பானியக் காடையே. 1990இல் ‘மிர்’ விண்வெளி நிலையத்தில் முட்டையிலிருந்து வெளிவந்து, பூமிக்கு வெளியே பிறந்த முதற் பறவையானதும் இதுவே.

இந்த முன்னேற்றத்தின் விலை என்ன? யப்பானியக் காடையின் முட்டை, தாயின் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு. கோழியில் அது மூன்று பங்கு. ஆண்டுக்கு 250க்கு மேல் முட்டையிடும் பெட்டைக்கு அடைகாக்கும் உணர்வு பெரும்பாலும் மங்கிப்போயிற்று. அதன் காட்டு மூதாதை பருவந்தோறும் கடல் தாண்டிய வலசைப் பறவை. வேதாகமத்தின் யாத்திராகமமும் எண்ணாகமமும், திருக்குர்ஆனும் பாலைவனத்தில் அலைந்த மக்களுக்குக் காடை உணவாக வந்ததைச் சொல்கின்றன. தலவில் அன்னம்மாள் ஆலயத்துக்குப் போகிறவர்களும் புத்தளத்துப் பள்ளிவாசல்களில் தொழுகிறவர்களும் இதை நன்கறிவார்கள். மத்தியதரைக் கடலைக் கடந்து களைத்து வரும் காடைக் கூட்டங்கள் கரையில் வீழ்வது அண்மைக் காலம் வரை எகிப்தியக் கரையில் கண்கூடு. அத்தகைய வானத்தை இழந்த பறவைதான் இன்று கூட்டில் இருக்கிறது.

திருப்பிக் கொடுக்க வேண்டியவை

இனி அந்த இருவரின் வினாவுக்கு விடை. மனிதன் எடுத்துக்கொண்டவற்றின் வரிசையிலேயே சொல்கிறேன்.

வானத்தை எடுத்தோம், ஆனால் பாயும் உணர்வு போகவில்லை. அஞ்சிய காடை செங்குத்தாக மேலே பாயும். கம்பிக் கூரையில் மோதி மண்டை உடைந்தும் கழுத்து முறிந்தும் இறப்பது கூட்டுக் காடைகளில் அடிக்கடி நேர்வது. எனவே கூரை ஓர் அடிக்கு உட்பட்ட தாழ்வாக இருக்க வேண்டும். அல்லது ஆளுயரத்துக்கு மேல் இருந்து, உட்புறம் மென்மையான வலையோ துணியோ கட்டப்பட்டிருக்க வேண்டும். இடைப்பட்ட உயரமே ஆபத்து.

நிலத்தை எடுத்தோம். காடை கொப்பில் தங்கும் பறவையல்ல, நிலத்தில் நடப்பது. கம்பித் தளம் பாதத்தில் புண்ணை உண்டாக்கும். தளம் பலகையாக இருந்து, மேலே தும்போ மரச்சீவலோ வைக்கோலோ பரப்பியிருக்க வேண்டும். ஈரமானதை அன்றன்றே அகற்ற வேண்டும். நாற்றம் மனித மூக்குக்கு எட்டும் முன்பே பறவையின் சுவாசத்தைக் கெடுத்துவிடும். ஒரு சோடிக்கு மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் இருப்பது நல்லது. மணற்குளியல் காடைக்கு விளையாட்டன்று; இறகைச் சுத்தம் செய்யும் வழி. ஒரு தட்டில் உலர்ந்த மணல் எப்போதும் இருக்க வேண்டும். நம் கரையோரத்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: கடற்கரை மணலை அப்படியே அள்ளிப் போடக் கூடாது. நன்னீரில் அலசி உப்பை நீக்கி வெயிலில் காய வைத்த பின்பே பயன்படுத்த வேண்டும்.

மறைவிடத்தை எடுத்தோம். புல்லுக்குள் ஒளிந்து வாழும் பறவையை நாற்புறமும் திறந்த கூட்டில் வைப்பது அதை ஓயாத அச்சத்தில் வைப்பதற்குச் சமம். மூன்று பக்கங்களை மறைக்க வேண்டும். உள்ளே புற்கட்டு, காய்ந்த தென்னோலை, கவிழ்த்து வைத்த உடைந்த சட்டி என ஒளிய இடங்கள் வேண்டும். இப்படி மறைவு கொடுத்தால் சீனக் காடைப் பெட்டை சிலவேளை தானே அடைக்கு உட்காரும். அடை உட்கார்ந்தால் தொடக் கூடாது. கற்பிட்டிக் குடாநாட்டில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் காற்றுப் பக்கத்தைக் கிடுகால் அடைக்கலாம். நண்பகல் வெயில் படவே கூடாது. குளிர்நாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். பூனை, கீரி, எலி, சாரைப்பாம்பு எல்லா ஊர்களிலும் இல்லாவிட்டாலும், ஏதேனும் ஒன்று எந்த ஊரிலும் உண்டு.

சமாதானத்தை எடுத்தோம். போருக்காகத் தெரிந்தெடுத்த குணம் இரத்தத்தில் இருக்கிறது. இரண்டு சேவல்களை ஒரே கூட்டில் விட்டால் தலையைக் கொத்திப் புண்ணாக்கிவிடும். சீனக் காடை சோடியாக வாழ்வது. ஒரு சேவலும் ஒரு பெட்டையும் போதும். யப்பானியக் காடையில் ஒரு சேவலுக்கு இரண்டு முதல் நான்கு பெட்டைகள் வேண்டும். ஒன்றே இருந்தால் சேவலின் தொல்லையில் அதன் முதுகு இறகு உதிர்ந்து போகும். கையில் பிடித்துக் கொஞ்சுவதை எந்தக் காடையும் விரும்புவதில்லை. அது அசையாமல் இருப்பது அன்பினால் அன்று; அச்சத்தினால்.

உடலின் சத்தை எடுத்தோம். காடைக்கு வெறும் தானியம் போதாது. குஞ்சுக்கு நூற்றுக்கு 24 பங்குக்கும் மேலும், வளர்ந்ததற்கு ஏறத்தாழ 20 பங்கும் புரதம் உள்ள தீன் வேண்டும். கோழிக்குஞ்சுத் தீனைப் பொடியாக்கிக் கொடுக்கலாம். கறையான், சிறு பூச்சி, நறுக்கிய கீரை ஆகியவற்றைச் சேர்க்கலாம். முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. நன்னீரில் கழுவிக் காய வைத்து இடித்த சிப்பியைத் தனித் தட்டில் வைத்தால் வேண்டிய அளவை அதுவே எடுத்துக்கொள்ளும். அவகாடோ பழம் பறவைக்கு நஞ்சு, கொடுக்கவே கூடாது.

ஓய்வை எடுத்தோம். பகல் நீளும்போதே காடை முட்டையிடும். பண்ணைகளில் மின்விளக்கு எரித்து நாளைப் பதினான்கு மணிக்கும் மேலாக நீட்டுவது இதற்காகவே. புத்தளத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான். விளக்கை அணைத்துவிட்டால் பெட்டைக்குத் தேவையான ஓய்வை நம் நாட்டுச் சூரியனே கொடுத்துவிடும். கனடாவில் இருப்பவர்கள் கோடைக்காலத்து நீண்ட மாலைகளில் கூட்டைத் துணியால் மூடி வைப்பது நல்லது.

குஞ்சு பொரிக்க விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். சீனக் காடை முட்டை 16 நாட்களிலும் யப்பானியக் காடை முட்டை 17, 18 நாட்களிலும் பொரிக்கும். சீனக் காடைக் குஞ்சு ஒரு பெரிய வண்டின் அளவே இருக்கும். குடிநீர்த் தட்டில் கூழாங்கற்களை நிரப்பாவிட்டால் அந்தச் சிறு நீரிலேயே மூழ்கிவிடும். முதல் வாரம் 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பமும், பின்னர் வாரத்துக்கு மூன்று பாகை குறைத்தும் கொடுக்க வேண்டும். எறும்பு வராமல் கூட்டின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்த வேண்டும். இறகைச் சிலிர்த்து, கண்களை மூடி ஒதுங்கி நிற்கும் பறவை நோயுற்ற பறவை. மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது. கூட்டைத் தொட்ட பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். குழந்தைகளைக் கழுவ வைக்க வேண்டும்.

பற்றையில் இருப்பது பற்றையில் இருக்கட்டும்

பெயர்க் குழப்பத்தை முதலில் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே பெயர் இரு பறவைகளுக்கு வழங்கும்போது, கூட்டில் தலைமுறை தலைமுறையாகப் பொரித்த சீனக் காடைக்குப் பதிலாகப் பற்றையில் பொறி வைத்துப் பிடித்த கருங்காடையை யாரேனும் விற்கலாம். வாங்குபவர் அறியாமல் வாங்கலாம். 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009ஆம் ஆண்டின் திருத்தமும் விதிவிலக்கான சில இனங்கள் தவிர இலங்கையின் காட்டுப் பறவைகள் எல்லாவற்றுக்கும் பாதுகாப்பு அளிக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காட்டிலிருந்து பிடித்த கருங்காடை கூட்டில் அஞ்சி அஞ்சியே மடியும். பிடிபட்டது அடைகாக்கும் ஆணாக இருந்தால் பற்றையில் முட்டைகளும் வீணாகும். அவற்றைக் காக்கப் பெட்டை திரும்பி வராது.

எனவே வாங்குமுன் பாதத்தைப் பாருங்கள். மூன்று விரல்கள் இருந்தால் வாங்காதீர்கள். நான்கு விரல்கள் இருந்தாலும், கூட்டில் பொரித்தது என்று விற்பவர் காட்ட முடியாவிட்டால் வாங்காதீர்கள். வளர்த்துச் சலித்துவிட்டால் ‘விடுதலை’ என்று சொல்லித் திறந்துவிடவும் வேண்டாம். கூட்டிலேயே பிறந்த பறவைக்கு இரை தேடவும் பருந்தை அறியவும் தெரியாது. தப்பிப் பிழைத்தால் காட்டுக் காடையோடு கலந்து அதன் மரபைக் கெடுக்கும். ஐரோப்பாவில் வேட்டைக்காக விடப்பட்ட யப்பானியக் காடைகளால் இந்தக் கவலை ஏற்கெனவே எழுந்திருக்கிறது. வளர்க்க முடியாதவர்கள் வளர்க்கத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படைப்பதே முறை.

சிலாபத்து நண்பருக்கு நான் சொன்னதும் இதுதான்: சோடியைக் கொண்டு வருமுன் கூரை, மணல், மறைவு மூன்றையும் ஆயத்தம் செய்யுங்கள். அதற்கு ஒரு வாரம் பிடித்தால் ஒரு வாரம் கழித்தே பறவை வரட்டும்.